இரண்டு ஓடைகள் சொன்ன கணக்கு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு விவசாயி மடையைத் திறக்கிறார். தண்ணீர் வயலுக்குள் பாய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "வாய்க்காலில் இருந்து" என்பார். வாய்க்காலுக்கு எங்கிருந்து வந்தது? பவானிசாகர் அணையில் இருந்து வந்தது. அணைக்கு எங்கிருந்து வந்தது? பவானி ஆறும் மோயாறும் கொண்டுவந்தன. அந்த ஆறுகளுக்கு?

அதற்கு விடை தேட மலை ஏற வேண்டும். அந்த மலைதான் நீலகிரி.

நீலகிரியின் காடுகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. அரசுக் காடு என்றால் பொதுமக்களின் காடு. அந்தக் காட்டில் மரம் வளர்த்தார்கள், வெட்டினார்கள். அதைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அறிவியலார் அதிலேயே ஆராய்ச்சியும் செய்தார்கள். இந்த மூன்று வேலைகளும் ஒரே மலையில் நடந்தன. ஒன்று செய்த தவறை இன்னொன்று எப்படிக் கண்டுபிடித்தது என்பதை இந்தப் பாடம் சொல்கிறது.

மலையின் பழைய போர்வை

நீலகிரியின் உச்சி தொட்டபெட்டா. அதன் உயரம் 2,637 மீட்டர். அங்கே குளிர் அதிகம். மார்கழி, தை மாதங்களில் இரவில் உறைபனி விழும். காலையில் பார்த்தால் புல்லின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும்.

இந்த மலைக்கு இயற்கை இரண்டு வகைப் போர்வை போர்த்தியிருந்தது. பள்ளங்களிலும் மடிப்புகளிலும் சோலை இருந்தது. மரங்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வளர்ந்த காடு அது. மரங்களின் மேல் பாசி படர்ந்திருக்கும். சரிவுகளிலும் மேடுகளிலும் புல்வெளி இருந்தது. அங்கங்கே சிவப்புப் பூப் பூக்கும் காட்டுப்பூவரசு நிற்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும். 2006-லும் 2018-லும் அது பூத்தது.

மேட்டில் ஏன் மரம் இல்லை? யாரோ வெட்டியதால்தான் என்று பலர் நினைத்தார்கள். அது சரியல்ல. மலையின் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார்கள். இந்தப் புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்று தெரிந்தது. திறந்த சரிவில் உறைபனி கடுமையாக விழும். சோலை மரத்தின் இளங்கன்று அதைத் தாங்காது. புல் தாங்கும். அதனால் மேட்டில் புல்லும் பள்ளத்தில் சோலையும் தங்கின.

மழை பெய்யும்போது புல்வெளி தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும். அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லக் கசியும். கீழே சதுப்புக்கும் சோலைக்கும் வரும். அங்கிருந்து ஓடையாகப் புறப்படும். மழை நின்று பல வாரம் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடும். இந்தக் கசிவு நீர்தான் கோடையில் ஆற்றைக் காப்பாற்றுகிறது.

இந்தப் புல்வெளியில்தான் தோடர்கள் எருமை மேய்த்தார்கள். மலைப் புல்லால் தங்கள் வீட்டையும் கோயிலையும் வேய்ந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் புல் அல்ல. அதுவே வாழ்க்கை.

கற்பூர மரம் வந்த கதை

1819-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். பிறகு உதகமண்டலம் நகரமாக வளர்ந்தது. குளிருக்கு அடுப்பு எரிய வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். முதலில் சோலை மரங்களை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளரும். வெட்டிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. விறகுப் பஞ்சம் வந்தது.

அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்து இரண்டு வகை மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று யூகலிப்டஸ். மலை மக்கள் அதைக் கற்பூர மரம் என்பார்கள். இலையைக் கசக்கினால் தைல வாசனை வரும். மற்றொன்று வாட்டில். அதைச் சீகை மரம் என்பார்கள். இரண்டும் வேகமாக வளர்ந்தன. வெட்டினாலும் கற்பூர மரத்தின் அடிக்கட்டை மறுபடி துளிர்த்தது.

இது நல்ல வழியாகத் தெரிந்தது. சோலையை வெட்டாமல் விறகு கிடைத்தது. இலையில் இருந்து நீலகிரித் தைலம் வடித்தார்கள். பல குடும்பங்களுக்கு அது தொழிலானது. சீகை மரப்பட்டை தோல் பதனிட உதவியது. தேயிலை ஆலைகளுக்கு விறகு போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு ரேயான் நூல் செய்யும் கூழுக்கும் இந்த மரங்கள் தேவைப்பட்டன.

மரம் நட இடம் வேண்டும் அல்லவா? புல்வெளி கண்ணில் பட்டது. "சும்மா கிடக்கும் நிலம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புல்லை எடுத்துவிட்டு மரம் நட்டார்கள். நட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. மரம் வைப்பது நல்லது என்று நம்பினார்கள். நாட்டுக்குத் தொழில் வேண்டும் என்றும் நினைத்தார்கள். 1952-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும் நாட்டின் தேவைகளுக்குப் பெரிய இடம் கொடுத்தது.

ஆனால் ஒரு கேள்வியை அன்று யாரும் சரியாகக் கேட்கவில்லை. புல் இருந்த இடத்தில் மரம் வந்தால், ஓடைத் தண்ணீர் என்ன ஆகும்?

சண்டை வேண்டாம், அளந்து பார்ப்போம்

இதில் இரண்டு கட்சி உண்டு. "மரம் இருந்தால் மழை வரும், தண்ணீர் பெருகும்" என்றது ஒரு கட்சி. "கற்பூர மரம் தண்ணீரைக் குடித்துவிடும்" என்றது மறு கட்சி. வாயால் பேசினால் இந்தச் சண்டை தீராது. அளந்தால் தீரும்.

உதகமண்டலத்தில் 1954 முதல் ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண்ணையும் நீரையும் காப்பது பற்றி ஆராய்வது அதன் வேலை. அதன் தலைமை நிறுவனம் டேராடூனில் உள்ளது. இந்த மையத்தின் அறிவியலார் உதகைக்கு அருகே கிளென்மார்கன் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள் இருந்தன.

நீர்ப்பிடிப்பு என்றால் என்ன? ஒரு பெரிய கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் எங்கே தண்ணீர் விட்டாலும் அது நடுவில் சேரும். மலையிலும் அப்படி ஒரு கிண்ணம் உண்டு. அதற்குள் பெய்யும் மழை ஒரே ஓடையில் வந்து சேரும். அதுதான் நீர்ப்பிடிப்பு. கிளென்மார்கனில் ஒவ்வொரு நீர்ப்பிடிப்பும் சுமார் 32 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 80 ஏக்கர். இரண்டிலும் புல்வெளியும் சோலையும் சதுப்பும் இருந்தன.

ஓடை வெளியே வரும் இடத்தில் குறுக்கே ஒரு சிறு சுவர் கட்டினார்கள். சுவரில் ஒரு வெட்டு வைத்தார்கள். தண்ணீர் அந்த வெட்டு வழியாக மட்டுமே போகும். அங்கே நீர்மட்டம் எவ்வளவு என்பதை ஒரு கருவி பதிவு செய்யும். மட்டம் தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிடலாம். மழையை அளக்க மழைமானியும் வைத்தார்கள்.

ஏன் இரண்டு நீர்ப்பிடிப்பு?

ஒரு விவசாயி புது உரத்தைச் சோதிக்கிறார். உரம் போட்ட ஆண்டு நல்ல விளைச்சல் வந்தது. அது உரத்தால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா? சொல்ல முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர் பக்கத்து வயலுக்கு உரம் போடாமல் விடுவார். இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

அறிவியலாரும் இதையே செய்தார்கள். 1968 முதல் 1971 வரை, நான்கு ஆண்டுகள், இரண்டு நீர்ப்பிடிப்பிலும் எதையும் மாற்றவில்லை. சும்மா அளந்தார்கள். இந்த ஓடையில் இவ்வளவு ஓடினால் அந்த ஓடையில் எவ்வளவு ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

1972-ல் ஒரு நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முழுவதும் நடவில்லை. நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில் நட்டார்கள். மற்ற நீர்ப்பிடிப்பை இயற்கையாகவே விட்டார்கள். 10 ஆண்டுகள் கழித்து மரத்தை வெட்டினார்கள். அடிக்கட்டைகள் துளிர்த்தன. அந்தத் துளிரை மரமாக வளரவிட்டு, அடுத்த 10 ஆண்டுகளும் அளந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பொறுமை. ஒரு கேள்விக்கு விடை தெரிய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மழையிலும் பனியிலும் போய்க் கருவியைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர்கள் பலர். பொதுக் காடாக இருந்ததால்தான் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் அளக்க முடிந்தது.

ஓடை சொன்ன கணக்கு

முதல் 10 ஆண்டுகளில், மரம் நட்ட ஓடையில் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. புல்வெளியாக இருந்திருந்தால் 100 குடம் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 84 குடம்தான் வந்தது.

இரண்டாம் 10 ஆண்டுகளில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. 100 குடத்துக்குப் பதில் 75 குடம்கூட முழுதாக வரவில்லை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. ஓடை மிகவும் மெலிந்து ஓடும் கோடை நாட்களையும் தனியாகப் பார்த்தார்கள். அந்த நாட்களின் ஓட்டம் முதல் சுற்றில் பாதியானது. இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆனது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடும். அப்போது கொஞ்சம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. கோடையில்தான் ஒவ்வொரு குடமும் கணக்கு. அந்தக் கோடையில்தான் பெரிய அடி விழுந்தது.

நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில் நட்டதற்கே இந்த விளைவு.

இது ஏன் நடந்தது?

புல்லின் வேர் ஆழம் குறைவு. வறண்ட மாதங்களில் புல் காய்ந்து ஓய்வெடுக்கும். அப்போது அது மண்ணில் இருந்து அதிகமாக நீர் எடுக்காது.

கற்பூர மரம் அப்படி அல்ல. ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். வேகமாக வளரும். வேர் ஆழமாக இறங்கும். வறண்ட மாதத்திலும் ஆழத்தில் இருந்து நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடும். ஓடைக்குக் கசிய வேண்டிய நீர் காற்றில் போய்விடும்.

இரண்டாம் சுற்றில் ஏன் இன்னும் அதிகம் குறைந்தது? மேலே மரத்தை வெட்டினார்கள். கீழே வேர் அப்படியே இருந்தது. பத்து வயது வேர் தயாராக இருக்க, துளிர் மரம் முதல் நாளில் இருந்தே அதிக நீரை எடுத்தது.

அறிவியலார் இதிலிருந்து ஒரு எச்சரிக்கை சொன்னார்கள். மலைப் புல்வெளியைப் பெரிய அளவில் கற்பூர மரத் தோப்பாக மாற்றும் முன், கோடை நீர் குறைவதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள்.

நீலகிரியின் ஓடைகளை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள்! பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் தொடங்கியது. பிறகு குந்தா மின் திட்டம் வந்தது. மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீர் கீழே இறங்குகிறது. பவானி வழியாகக் காவிரியில் சேர்கிறது. வழியில் எத்தனை ஊர்கள் குடிக்கின்றன! எத்தனை வயல்கள் விளைகின்றன! மலையில் விற்ற மரத்துக்கு விலை உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் ஏறியது. குறைந்த தண்ணீருக்கு விலை எழுதப்படவில்லை.

அப்படியானால் மரம் வேண்டாமா?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

மரம் வேண்டும். சோலையும் மரக்காடுதான். அதுதான் ஓடையின் தாய்மடி. வெட்ட வெளியான மலைச்சரிவில் மண் அரித்துப் போகும். அங்கே மரம் காவல். தன் வயலோரத்தில் விறகுக்கு மரம் வளர்ப்பவரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எந்த இடத்தில் எந்த மரம் என்பது முக்கியம். இயற்கையாகப் புல் இருக்கும் இடத்தில் புல்லே காடு. அதை வீண் நிலம் என்று நினைத்ததுதான் தவறு.

நாட்டின் கொள்கையும் மெல்ல மாறியது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டின் முதல் வேலை சூழலைக் காப்பது என்றது. வருமானம் அதற்குப் பிறகுதான் என்றது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை இட்டது. மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டத்தின்படிதான் காட்டில் மரம் வெட்டலாம் என்றது. எங்கே வெட்டுவது, எங்கே நடுவது, எங்கே தொடாமல் விடுவது என்று ஆண்டுக் கணக்கில் எழுதி வைப்பதுதான் செயல்திட்டம்.

எளிதில் போகாத விருந்தாளி

அந்நிய மரத்தை வெட்டிவிட்டால் புல்வெளி திரும்பிவிடுமா? அவ்வளவு எளிதல்ல. கற்பூர மரம் வெட்டிய கட்டையில் துளிர்க்கும். சீகை மரத்தின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மேலே மரம் போய் வெயில் பட்டால் ஆயிரக்கணக்கில் முளைக்கும். தீப்பட்டாலும் முளைக்கும். ஆகவே ஒருமுறை வெட்டினால் போதாது. பல ஆண்டுகள் தொடர்ந்து கன்றுகளைப் பிடுங்க வேண்டும். நாட்டுப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும்.

முக்குருத்தி தேசியப் பூங்காவில் இந்த வேலை நடக்கிறது. அங்கே வரையாடு வாழ்கிறது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதற்கும் புல்வெளிதான் வீடு. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் இதைக் கவனித்து வருகிறது.

ஒரே நாளில் எல்லா மரத்தையும் வெட்டினால் வேறு தொல்லை வரும். செங்குத்தான சரிவில் மண் சரியும். விறகை நம்பியவர்களும் தைலம் வடிப்பவர்களும் பிழைப்பை இழப்பார்கள். சில தோப்புகளுக்குள் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே அவசரப்பட்டால் அவையும் அழியும். அதனால் இடம் பார்த்து, காலம் பார்த்து, மக்களைக் கேட்டு இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பார்க்க வருகிறவர்களின் பங்கு

நீலகிரிக்குக் கூட்டம் எப்போது வருகிறது? சித்திரை, வைகாசியில். சமவெளியில் வெயில் கொளுத்தும் காலம் அது. மலையில் ஓடை மெலிந்திருக்கும் காலமும் அதுதான். தண்ணீர் குறைவாக இருக்கும்போது குடிப்பவர்கள் அதிகமாக வருகிறார்கள்.

சுற்றுலாவால் பலர் பிழைக்கிறார்கள். வண்டி ஓட்டுபவர், தேநீர் விற்பவர், தங்கும் விடுதியில் வேலை செய்பவர் என்று பட்டியல் நீளும். அதை நிறுத்த முடியாது. அளவு வைக்கலாம். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் வேலை நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள்.

பைக்காரா போகும் வழியில் விரிந்த புல்மேடுகள் உண்டு. பல திரைப்படங்களில் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். காலடியில் இருப்பது வெறும் புல் அல்ல. அது கீழே இருக்கும் ஊர்களின் தண்ணீர்த் தொட்டி.

பொதுச்சொத்து என்றால் என்ன?

பொதுக் காடு ஒரு கூட்டுக் குடும்பத்துச் சொத்து போன்றது. ஒருவர் விறகு கேட்பார். ஒருவர் மேய்ச்சல் கேட்பார். ஒருவர் மின்சாரம் கேட்பார். ஒருவர் பொழுதுபோக்கக் கேட்பார். எல்லாம் நியாயமான ஆசைதான். ஆனால் எதற்கு முதலிடம் என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குரல் உயர்ந்தவருக்கு முதலிடம் கொடுத்தால், கேட்க வராதவர்கள் ஏமாந்து போவார்கள். மலைக்கு வந்து கேட்காதவர் யார்? கீழே மடை திறக்கும் அந்த விவசாயி. எருமை மேய்க்க இடம் இல்லாமல் ஒதுங்கிப்போன தோடர். இன்னும் பிறக்காத குழந்தை.

கிளென்மார்கனின் இரண்டு ஓடைகள் அவர்களுக்காகப் பேசின. அளந்து எழுதியவர்கள் இருந்ததால் அந்தப் பேச்சு கேட்டது. உங்கள் ஊரிலும் ஏரி உண்டு, கிணறு உண்டு. இந்த ஆண்டு பங்குனியில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள். ஐந்து ஆண்டு எழுதினால், கிராம சபையில் உங்கள் பேச்சுக்குச் சாட்சி இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்ததன் பயன் அதுதான்.

சொல்லும் பொருளும்

சோலை – மலைப் பள்ளங்களில் உள்ள இயற்கையான குட்டை மரக்காடு
நீர்ப்பிடிப்பு – பெய்யும் மழை ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பு
மழைமானி – மழையை அளக்கும் கருவி
சதுப்பு – எப்போதும் ஈரமாக இருக்கும் சேற்று நிலம்
செயல்திட்டம் – காட்டில் செய்ய வேண்டிய வேலைகளை ஆண்டுவாரியாக எழுதிய திட்டம்

கலந்து பேசுங்கள்

1. அறிவியலார் ஒரு நீர்ப்பிடிப்பில் ஏன் மரம் நடாமல் விட்டார்கள்?
2. மழைக்காலத்தில் தண்ணீர் குறைவது, கோடையில் குறைவது – இரண்டில் எது அதிகத் துன்பம் தரும்? ஏன்?
3. கற்பூர மரத்தால் கிடைத்த நன்மைகள் எவை? அதனால் வந்த இழப்பு எது?
4. உங்கள் ஊரில் "சும்மா கிடக்கும் நிலம்" என்று சொல்லப்படும் இடம் உண்டா? அதனால் யாருக்கு என்ன பயன் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.
5. உங்கள் வீட்டுக் கணக்கு: கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது? அதில் 100-க்கு 25 குறைந்தால் எத்தனை குடம் மிஞ்சும்?